ஹாங்காங்கின் காட்டுயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங்கில் பல வருடங்களாக இருக்கிறேன். விடுமுறை என்றால் மலைப்பாதைகளில் நடப்பதும் பறவை பார்ப்பதும்தான் என் வேலை. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும், வேலைக்காகப் புதிதாக வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஹாங்காங்கில் காடா? அங்கே கட்டடங்கள்தானே இருக்கின்றன?

முதலில் எல்லோரும் கேட்பது இதைத்தான். ஹாங்காங்கின் மொத்த நிலப்பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 40 சதவீதம் சட்டத்தால் காக்கப்பட்ட மலையும் காடும் கடற்கரையும். 75 லட்சம் பேர் மீதியுள்ள இடத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறோம். வானுயர்ந்த குடியிருப்புகளின் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அந்தக் குடியிருப்புகளின் பின்வாசல் வழியாக நடந்தால் பத்து நிமிடத்தில் ஓடைச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும்.

இதற்கு அடிப்படை 1976இல் வந்த ஊரகப் பூங்காச் சட்டம். அப்போது பிரிட்டிஷ் ஆளுநராக இருந்தவர் மெக்லிஹோஸ். நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த மலைகளை அப்படியே வளைத்து, இங்கே வீடு கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இன்று இப்படி 25 பூங்காக்கள் இருக்கின்றன. மனை விலை உலகிலேயே உச்சத்தில் இருக்கும் ஊர் இது. அவ்வப்போது யாராவது இந்த மலைகளின் ஓரத்தை வெட்டி வீடு கட்டலாமே என்று கிளம்புவார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அங்கே இருப்பது ஆதிகாலத்துக் காடா?

இல்லை. பெரும்பாலும் நம் தாத்தா பாட்டி வயதுள்ள காடுதான். பல நூற்றாண்டுகளாக விறகுக்கும் விவசாயத்துக்கும் மலைகளை மொட்டையடித்துவிட்டார்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் வசம் ஊர் இருந்த காலத்தில், மிச்சமிருந்த மரமும் அடுப்புக்குப் போனது. போர் முடிந்தபின் அரசு பைன், அக்கேசியா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரிஸ்பேன் பாக்ஸ் போன்ற மரங்களை வரிசை வரிசையாக நட்டது. அந்த நிழலில் பறவைகள் எச்சமிட்டு, உள்ளூர் மரங்கள் மெல்ல முளைத்து வந்தன. தாய் போ காவ் காப்புக்காட்டுக்குள் போனால் இன்று வெயில் தரையில் விழாது.

பழைய காட்டின் துண்டுகள் ஓரிடத்தில் மட்டும் தப்பின. கிராமங்களின் பின்புறம் பிறை வடிவில் இருக்கும் ஃபெங் சுய் (நம் வாஸ்து போன்ற சீன நம்பிக்கை) தோப்புகள் அவை. ஊருக்குக் காப்பு என்று நம்பி, தலைமுறை தலைமுறையாக ஒரு கிளையைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். நம்மூர் கோயில்காடு எப்படிப் பிழைத்ததோ அதே கதைதான்.

தட்பவெப்பம் எப்படி? நம்மூர் மாதிரியா?

வரைபடத்தில் பார்த்தால் கடகரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஆனாலும் சீனப் பெருநிலத்திலிருந்து இறங்கும் வாடைக்காற்றால் குளிர்காலம் நன்றாகவே உறைக்கும். 2016 ஜனவரியில் நகரத்திலேயே 3.1 டிகிரிக்கு இறங்கியது. 957 மீட்டர் உயரமுள்ள தாய் மோ ஷான் மலைமேல் புல்லெல்லாம் பனிக்கட்டி பூசிக்கொண்டு நின்றது. கோடை ஒரே புழுக்கம், மழை, புயல். இந்த மிதவெப்ப மண்டலத்தில் வெப்ப நாட்டு உயிர்களும் வடக்கிலிருந்து குளிருக்கு இறங்கி வருபவையும் ஒரே ஓடைக்கரையில் சந்திக்கின்றன. சின்ன ஊரில் 500க்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியிருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

புலி இருந்ததாமே?

இருந்தது. தென்சீனப் புலி. 1915இல் ஷுங் ஷுயி பக்கம் ஒரு புலி இரண்டு காவலர்களைத் தாக்கிக் கொன்றது. ஒருவர் ஆங்கிலேயர், இன்னொருவர் இந்தியர். பிறகு அதைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் தலை காவல்துறை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1942இல் ஸ்டான்லியில், போர்க்கால முகாமுக்குப் பக்கத்திலேயே ஒன்று சுடப்பட்டது. அதன் தோல் ஸ்டான்லி தின் ஹாவ் கோயிலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கறுத்துப்போய், கோடு தெரியாத அளவுக்கு ஊதுபத்திப் புகை படிந்திருக்கும். அந்தத் தோலின் முன் நிற்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும். தென்சீனப் புலி இன்று காட்டில் எங்குமே இல்லை, உயிரியல் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் மட்டும்தான்.

காடு திரும்பி வந்தது, புலியும் சிறுத்தையும் திரும்பவில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

தெருவில் காட்டுப்பன்றி நடந்து போகிறதே, ஆபத்தில்லையா?

வேட்டையாட மேலே யாரும் இல்லை. குப்பைத்தொட்டி நிறையச் சோறு. அதோடு, பாவமே என்று ரொட்டி போடும் மனிதர்கள். பன்றிகள் பெருகி நகருக்குள் இறங்கியது இப்படித்தான். முதலில் பிடித்துக் கருத்தடை ஊசி போட்டு, தூரத்து மலையில் கொண்டுபோய் விட்டார்கள். 2021 நவம்பரில் ஒரு பன்றி காவலரைக் கடித்தது. அதன்பிறகு ஊருக்குள் திரும்பத் திரும்ப வரும் பன்றிகளை மருந்து செலுத்திக் கொல்லும் முறை வந்துவிட்டது.

எனக்கு இதில் வருத்தம் பன்றிமேல் இல்லை. கையால் தீனி வாங்கிப் பழகிய பன்றி, கையில் பை வைத்திருக்கும் எவரையும் சோறு போடுபவர் என்றுதான் நினைக்கும். தீனி போட்டவர் வீட்டுக்குப் போய்விடுவார், உயிர் போவது பன்றிக்கு. 2024 ஆகஸ்ட் முதல் காட்டு விலங்குக்கோ தெருப்புறாவுக்கோ தீனி போட்டால் அங்கேயே 5,000 ஹாங்காங் டாலர் அபராதம். வழக்கு நீதிமன்றம் போனால் அதிகபட்சம் ஒரு லட்சம் டாலரும் ஓராண்டுச் சிறையும். நம்மவர்கள் காக்கைக்கும் புறாவுக்கும் சோறு வைக்கும் பழக்கத்தில் இங்கேயும் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கௌலூன் நீர்த்தேக்கத்துப் பக்கம் இவ்வளவு குரங்குகள் எப்படி வந்தன?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி, ஏனென்றால் பதிலில் நமக்குத் தெரிந்த ஒரு செடி வருகிறது. எட்டிக்காய் என்று கசப்புக்கு உவமை சொல்கிறோமே, அந்த எட்டி இனத்தைச் சேர்ந்த கொடிகள் கௌலூன் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நிறைய இருந்தன. அந்தக் காய்கள் குடிநீரில் விழுந்து நஞ்சாகிவிடுமோ என்று பயம். குரங்குகள் அவற்றைத் தின்றாலும் ஒன்றும் ஆகாது. அதனால் 1910களில் குரங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. இப்போது காம் ஷான் பூங்காவுக்கே குரங்கு மலை என்றுதான் பெயர்.

இவை செம்முகக் குரங்குகள், வட இந்தியாவில் இருக்கும் அதே இனம். சிரிப்பது போலப் பல்லைக் காட்டினால் அது சிரிப்பல்ல, பயம் அல்லது எச்சரிக்கை. ஞெகிழிப் பையை வெளியே எடுக்காதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இங்கே ஒருவருக்குக் குரங்கிடமிருந்து மூளையைத் தாக்கக்கூடிய பி வைரஸ் தொற்றியது 2024இல் முதல்முறையாக உறுதியானது.

மலைப்பாதையில் வேறு என்னென்ன மிருகம் பார்க்கலாம்?

பகலில் பெரிதாக எதுவும் கண்ணில் படாது. கேளையாடு என்ற சிறிய மான் இருக்கிறது; மாலையில் நாய் குரைப்பது போல ஒரு சத்தம் பள்ளத்தாக்கிலிருந்து வந்தால் அதுதான். முள்ளம்பன்றி, மரநாய், சிறுத்தைப்பூனை எல்லாம் இரவில் நடமாடுபவை. பாதையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் கிடந்தால் முள்ளம்பன்றி போயிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் அழுங்கு. எறும்புத்தின்னி என்போமே, அதன் சீன இனம். மிக அரிது, எத்தனையோ வருடம் நடந்தும் நான் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை, தோண்டிய வளையைத்தான் பார்த்திருக்கிறேன். இதே ஊரின் துறைமுகம் வழியாகத்தான் உலகத்து அழுங்குச் செதில்கள் கடத்தப்பட்டன. 2019 தொடக்கத்தில் நைஜீரியாவிலிருந்து வந்த ஒரே கன்டெய்னரில் 8.3 டன் செதில், கூடவே 2 டன்னுக்கும் மேல் தந்தம். 2020இல் சீன அரசு அழுங்குக்கு முதல்தரப் பாதுகாப்பு கொடுத்தது. அதே ஆண்டு அரசின் மருந்து நூலில் இருந்த மூலப்பொருள் பட்டியலிலிருந்தும் செதிலை நீக்கினார்கள். செதில் என்பது நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான். அதற்காக ஓர் உயிரினத்தையே துடைத்தெடுத்திருக்கிறார்கள்.

பாம்பு?

உண்டு, ஐம்பது வகைக்குப் பக்கத்தில். நம் நல்ல பாம்பின் உறவான சீன நாகம், கட்டுவிரியனின் சொந்தங்கள், மேற்குத் தொடர்ச்சி மலை ராஜநாகத்தின் நெருங்கிய உறவு என்று தெரிந்த முகங்கள் நிறைய. அதிகம் கடிப்பது மூங்கில் பாம்பு எனப்படும் பச்சை நிறக் குழிவிரியன். இலையோடு இலையாகச் சுருண்டிருக்கும், கை வைத்துவிடுவார்கள். சாவு மிக அரிது. பர்மிய மலைப்பாம்பு சட்டத்தால் காக்கப்பட்டது. சாய் குங் பக்கம் பெரிய மலைப்பாம்புகள் எப்போதாவது வளர்ப்பு நாயைப் பிடித்துவிடுவதுண்டு, அதனால் புதர் ஓரம் நாயைச் சங்கிலியோடு கூட்டிப்போங்கள்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் 999க்கு அழைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். காவல்துறை பாம்புபிடிப்பவரை அனுப்பும். பிடிபடுபவை தாய் மோ ஷானின் வடக்குச் சரிவில் இருக்கும் காட்டுயிர் மீட்பு மையமான கடூரி பண்ணைக்குப் போகும். அங்கே பரிசோதித்து மறுபடி காட்டில் விடுகிறார்கள். ஒரு காலத்தில் இப்படிப் பிடிபட்டவை பாம்பு சூப் கடைக்குத்தான் போகும் என்பார்கள். அந்த மாற்றத்தை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

மாய் போ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அங்கே அப்படி என்ன?

ஹாங்காங்கில் எனக்கு ஒரே ஓர் இடம்தான் என்று சொன்னால் மாய் போவைத்தான் சொல்வேன். வடமேற்கு மூலையில் டீப் பே வளைகுடா. அக்கரையில் ஷென்ஜென் நகரத்துக் கோபுரங்கள். இக்கரையில் அலையாத்திக் காடு, சேற்றுவெளி, அதை ஒட்டி கெய் வாய் எனப்படும் பழைய இறால் குட்டைகள்.

கெய் வாய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இடத்தின் அழகு புரியும். குட்டைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மதகு. இறால் குஞ்சு வரும் பருவத்தில், கடல் ஏற்றத்தின்போது மதகைத் திறந்தால் கடல்நீரோடு குஞ்சுகளும் உள்ளே வந்துவிடும். அதற்குத் தீவனம் எதுவும் போட வேண்டியதில்லை. குட்டைக்குள் வளரும் அலையாத்தியின் உதிர்ந்த இலையே போதும். இறால் பெருத்ததும் இரவில், கடல் வற்றத்தின்போது மதகில் வலையைக் கட்டித் திறந்தால் தண்ணீரோடு வந்து விழும். 1940களில் வெட்டிய குட்டைகள் இவை. 1983 முதல் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இதைப் பார்த்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் ஒவ்வொரு குட்டையாகத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். இறால்போக மிச்சமிருக்கும் சின்ன மீன்களுக்காகக் கொக்கும் நாரையும் கரண்டிவாயனும் கூட்டமாக வந்து இறங்கும். பறவைகளுக்குப் பந்தி நடப்பது போல இருக்கும். 1995இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இந்த ஈரநிலம் சேர்ந்தது.

இங்கே வரும் பறவைகளில் முக்கியமானது கருமுகக் கரண்டிவாயன். வெள்ளை உடம்பு, கறுத்த முகம், நீண்ட கரண்டி அலகு. அலகைச் சற்றே திறந்து தண்ணீரில் வலமும் இடமுமாக வீசிக்கொண்டே நடக்கும், மீன் பட்டதும் கவ்விவிடும். கொரியத் தீபகற்பத்தின் மேற்குக் கரைத் தீவுகளில்தான் பெரும்பாலும் முட்டையிடுகிறது. குளிருக்குத் தைவானுக்கும் டீப் பேக்கும் ஜப்பானுக்கும் வருகிறது. 1980களின் கடைசியில் உலகம் முழுக்கத் தேடி எண்ணியபோது 300ஐக்கூடத் தொடவில்லை. 2022 கணக்கெடுப்பில் 6,000ஐத் தாண்டிவிட்டது. பல நாட்டுக்காரர்கள் ஒரே நாள்களில் எண்ணி, ஒருவர் குளத்தை இன்னொருவர் காத்ததால் நடந்தது இது. நான் முதல்முறை பார்த்தபோது முப்பது பறவைகள் தலையை முதுகில் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எழுந்துவர மனமில்லை.

உள்ளே போக அனுமதி வேண்டும். டபிள்யூ.டபிள்யூ.எஃப் நடத்தும் வழிகாட்டி நடைகளில் பதிவு செய்துகொள்வதே சுலபம். இன்னொன்று, இந்த அலையாத்திக் காட்டில் கண்டெடுத்த ஒரு மின்மினிக்கு மாய் போ என்றே அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். 2011இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது.

இளஞ்சிவப்பு டால்பின் உண்மைதானா?

உண்மைதான். சீன வெள்ளை டால்பின் என்று பெயர். பிறக்கும்போது கருஞ்சாம்பல், வளர வளரப் புள்ளி புள்ளியாக வெளுத்து, கடைசியில் ரோஜா நிறம். அது தோலின் நிறமி அல்ல. தோலுக்கு அடியில் ஓடும் இரத்தக் குழாய்கள் தெரிவதால் வரும் நிறம். 1997இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பியபோது இதுவே விழாச் சின்னமாக இருந்தது.

வருத்தமான பகுதி இனிமேல்தான். 2003இல் ஹாங்காங் நீர்ப்பரப்பில் 188 என்று கணக்கிட்டார்கள். 2018இல் 32. விமான நிலையத்துக்குக் கடலைத் தூர்த்தார்கள். மூன்றாவது ஓடுபாதைக்காக மறுபடி 650 ஹெக்டேர் தூர்த்தார்கள். ஹாங்காங், ஜூஹாய், மக்காவ் பாலம் 2018இல் திறந்தது. வேகப் படகுகளின் இரைச்சலில், ஒலியை வைத்தே வழியும் இரையும் கண்டுபிடிக்கும் ஒரு பிராணி என்ன செய்யும்? கடலடியை வாரும் இழுவை மடி வலைக்கு 2012 கடைசியில் தடை விதித்தார்கள், கடல் பூங்காக்கள் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் டால்பின் போன பிறகு அறிவிக்கப்படும் பூங்காவில் டால்பின் எங்கிருந்து வரும் என்பதே என் கேள்வி. முத்தாறு எனப்படும் பேர்ல் நதியின் கழிமுகம் முழுவதையும் சேர்த்தால் இன்னும் பெரிய கூட்டம் இருக்கிறது என்பது மட்டுமே ஆறுதல்.

தாய் ஓ மீனவர் கிராமத்தில் படகு கிடைக்கும். ஆனால் துரத்திக்கொண்டு போகாத, எஞ்சினை அணைத்துக் காத்திருக்கும் படகாகப் பார்த்து ஏறுங்கள்.

இந்த ஊருக்கு மட்டுமே சொந்தமான உயிர் ஏதாவது?

ரோமர் மரத்தவளை. ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் உட்காரும் அளவு, பழுப்பு நிறம். 1952இல் பாம்பு, தவளைகளை ஆராய்ந்த ஜான் ரோமர் லாமா தீவின் ஒரு குகையில் கண்டெடுத்தார். அடுத்த வருடமே குகை இடிந்துபோய், இனமே அழிந்தது என்று முடிவு கட்டினார்கள். 1984இல் அதே தீவில் மறுபடி கிடைத்தது. விமான நிலையம் கட்ட செக் லாப் கோக் தீவைத் தரைமட்டமாக்கப் போனபோது அங்கேயும் இந்தத் தவளை இருப்பது தெரிந்தது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் பிடித்து, மெல்போர்ன் உயிரியல் பூங்காவின் துணையோடு இனப்பெருக்கம் செய்து, வேறு எட்டு இடங்களில் விட்டார்கள். இரண்டு சென்டிமீட்டர் உயிருக்காக இவ்வளவு மெனக்கெட்டவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நம்மூர்ப் பறவை ஏதாவது உண்டா?

வசந்தத்தில் விடியற்காலை நான்கு மணிக்குக் குயில் கூவி எழுப்பும், அதே குயில். செம்மீசைச் சின்னான், குண்டுக்கரிச்சான், தையல்சிட்டு, துறைமுகத்துக்கு மேல் வட்டமிடும் கள்ளப்பருந்து என்று பால்கனியில் நின்றே பட்டியல் போடலாம். நம் வீட்டுக்காகம்கூட ஷாம் ஷுயி போ பக்கம் குடியேறியிருக்கிறது. இங்கே அது அயல் பறவை, கூட்டைக் கலைத்துக் கட்டுப்படுத்துகிறார்கள்.

மத்திய நகரப் பூங்காக்களில் கத்திக்கொண்டு பறக்கும் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ வேறு கதை. இந்தோனேசியாவைச் சேர்ந்தது, கூண்டிலிருந்து தப்பியவற்றின் வாரிசுகள். சொந்த நாட்டில் பிடித்து விற்றே அருகிவிட்டதால், இங்கே திரியும் 200 பறவைகள் உலகில் மிச்சமிருப்பதில் பத்தில் ஒரு பங்கு வரும் என்கிறார்கள்.

சாலையில் மாடும் எருமையும் திரிகின்றனவே, யாருடையவை?

யாருடையதும் இல்லை. நெல் விவசாயம் நின்றபோது அவிழ்த்துவிடப்பட்ட உழவு மாடுகளின் வாரிசுகள். மாடுகள் சாய் குங் பக்கம், எருமைகள் லன்டாவ் தீவின் புய் ஓ ஈரவயல்களில். எருமை புரண்ட பள்ளத்தில் தவளையும் கொக்கும் வாழ்கின்றன.

எந்த மாதம் வரலாம்?

பறவைக்கு நவம்பர் முதல் மார்ச் வரை. தவளை, பூச்சி, பாம்புக்கு மே முதல் செப்டம்பர், மழையையும் அட்டையையும் பொறுத்துக்கொள்ள முடிந்தால். வண்ணத்துப்பூச்சிக்குத் தாய் போ அருகே ஃபுங் யூன் பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் துன் முன் பக்கம் சியூ லாங் ஷுயி என்ற இடத்தில் கருநீல வண்ணத்துப்பூச்சிகள் ஆயிரக்கணக்கில் மரத்தில் தொங்கிக் குளிர் கழிக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே வருடந்தோறும் பறக்கும் நம் வண்ணத்துப்பூச்சிகளின் உறவுக் கூட்டம்தான். அந்த இடம் முன்பு குப்பைமேடு.

குழந்தைகளோடு வருகிறோம், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போக?

தின் ஷுயி வாயில் உள்ள ஈரநிலப் பூங்கா. 2006இல் திறந்தது, 61 ஹெக்டேர். மரப்பலகைப் பாதை தள்ளுவண்டிக்கும் ஏற்றது. சேற்றில் ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டும் பிடில் நண்டையும், துடுப்புக்காலால் துள்ளும் சேற்று மீனையும் பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்ப்பார்கள். உள்ளே புய் புய் என்ற உவர்நீர் முதலை இருக்கிறது. 2003இல் பக்கத்து ஆற்றில் திடீரெனத் தோன்றி, ஆஸ்திரேலியாவிலிருந்து ஆள் வரவழைத்தும் சிக்காமல் போக்குக் காட்டி, 2004இல்தான் பிடிபட்டது. கண்ணாடி வழியே பார்க்கலாம், தட்டக் கூடாது. பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள். செவ்வாய்க்கிழமை பூங்கா விடுமுறை.